பொழுதுபோக்கு என்னும் வசைச்சொல்: அரசியல் ‘பார்ப்பது’ குறித்துச் சில குறிப்புகள்

‘நியூஸ் பாக்கிறத விட்டாச்சு, இப்பதான் தூக்கம் வருது’ என்று சொல்கிறவர்களின் எண்ணிக்கை நம் வட்டத்திலேயே கூடிக்கொண்டு வருகிறது. ஒருவர் மொட்டைமாடியில் கத்தரி வைத்திருக்கிறார். இன்னொருவர் நாற்பது வயதுக்கு மேல் புல்லாங்குழல் வாங்கியிருக்கிறார். வேறொருவர் விடிகாலையில் எழுந்து பறவை பார்க்கப் போகிறார். இவர்களைக் கேலி செய்வது சுலபம். ‘நடுத்தர வர்க்கத் தப்பித்தல்’ என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். நம் சூழலில் அந்த முத்திரைக்கு மை காய்வதே இல்லை. ஆனால் குத்துவதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது. இவர்கள் அரசியலை விட்டுவிட்டுப் பொழுதுபோக்குக்குப் போனார்களா, அல்லது ஒரு பொழுதுபோக்கை விட்டுவிட்டு இன்னொரு பொழுதுபோக்குக்குப் போனார்களா?

‘பொழுதுபோக்கு’ நமக்கு வசைச்சொல். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிய காலத்திலிருந்து எடுத்துக்கொண்டாலும், வணிக இதழ்க் கதைகளை அடிக்கக் கைக்கு வாகான கட்டையாக இந்தச் சொல்தான் இருந்துவந்திருக்கிறது. ‘கலை’ பேசியவர்களும் ‘சமூகம்’ பேசியவர்களும் வேறு எதில் முட்டிக்கொண்டாலும் இந்த ஒரு வசையில் ஒன்றுபட்டார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சொல்லை உடைத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் போகாது. பசி போக்குதல், களைப்புப் போக்குதல், நோய் போக்குதல். இந்த வரிசையில் பொழுது போக்குதல். அதாவது பொழுது என்பது உடம்பிலிருந்து நீக்கப்பட வேண்டிய ஓர் உபாதை. தொல்காப்பியத்தில் அப்படியில்லை. அங்கே நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, நெய்தலுக்கு எற்பாடு. நிலமில்லாத பொழுது என்று ஒன்று அந்த இலக்கணத்தில் கிடையாது. ஆலைச் சங்கும் அலுவலகக் கடிகாரமும் வந்து, விற்ற நேரம் போக மிச்ச நேரம் என்று ஒன்று கையில் நின்ற பிறகுதான் அதை என்ன செய்வது என்ற திகைப்பு வருகிறது. இதை விரித்துக்கொண்டு போக இங்கே இடமில்லை. மார்க்சின் மருமகன் போல் லஃபார்க் 1880இலேயே சோம்பேறித்தனத்துக்கு உரிமை கேட்டு எழுதினார் என்பதோடு விட்டுவிடலாம்.

இப்போது நம் ‘அரசியல் பார்த்தல்’ விஷயத்துக்கு வருவோம். ‘பார்த்தல்’ என்றுதான் நாமே சொல்கிறோம், கவனியுங்கள். அரசியல் ‘பண்றவங்க’ வேறே ஆட்கள்.

டீக்கடை பெஞ்சும் முடிதிருத்தும் கடையும் தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் வகித்த இடத்தை யாரும் மறுப்பதில்லை. திராவிட இயக்கத்தின் படிப்பகங்களில், சைக்கிள் கடைகளில், ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’, எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கும் கைக்கு வந்தது. வாசித்த அதே ஆள் அன்று சாயங்காலம் பொதுக்கூட்டத்துக்கு நடந்துபோனார். செய்தி நுழைந்த உடம்பும் கூட்டத்தில் நின்ற உடம்பும் ஒன்றாக இருந்தன. ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று கடைக்காரர் போர்டு எழுதி மாட்ட வேண்டியிருந்தது என்றால் பேச்சுக்கு ஏதோ ஒரு விளைவு இருந்தது என்றுதானே அர்த்தம்? குறைந்தபட்சம் கிளாஸாவது உடைந்திருக்கும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுவதற்கில்லை. அந்த பெஞ்சில் யார் உட்கார முடிந்தது? இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளில் தலித்துகள் தனிக் குவளையில் வாங்கி, நின்றோ தரையில் குந்தியோ குடித்தார்கள். பெஞ்சில் நடந்த உலக அரசியலுக்கும் அந்தக் குவளைக்கும் சம்பந்தமில்லாத மாதிரியே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் அந்தப் பக்கமே கிடையாது. ஆக ‘பொதுவெளி’ என்று நாம் கோட்பாட்டில் கொண்டாடுகிற அந்த இடமே, யாருக்கோ மறுக்கப்பட்டதால் இன்னொருவருக்குச் சுகமாக இருந்த இடம்தான்.

பெஞ்சு வீட்டுக்குள் வந்தது. 2000இல் சன் நியூஸ், 2011இல் புதிய தலைமுறை, 2012இல் தந்தி டிவி என்று இருபத்துநான்கு மணி நேரச் செய்தி நம் கூடத்தில் குடியேறியது. இரவானால் நான்கு பேர், நடுவில் ஒரு நெறியாளர். இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று மேற்கே தேட வேண்டியதில்லை. குன்றக்குடி அடிகளார் காலந்தொட்டு நாம் பழகிய பட்டிமன்றம்தான் இது. ஆனால் ஒரு வித்தியாசம். பட்டிமன்றத்தில் நடுவர் கடைசியில் ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். ‘கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா’ என்பதற்கும்கூட ஒரு முடிவு உண்டு. செய்தி விவாதத்தில் தீர்ப்பு கிடையாது. நேரமில்லை, நன்றி, நாளை சந்திப்போம். தீர்ப்பு வந்துவிட்டால் நாளைக்கு எதை விற்பது? பார்க்கிறவர் அரைகுறைக் கோபத்தோடு படுக்கப் போக வேண்டும், மறுநாள் அந்த மிச்சக் கோபத்தைத் தேடி வர வேண்டும். தொடர்கதையின் ‘தொடரும்’தான் இங்கே வேறு உடுப்பில் வருகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைச் சல்லிசாக்கிய பிறகு ‘இரவானால்’ என்ற வரம்பும் போயிற்று. யாமத்துக்கும் எற்பாட்டுக்கும் வித்தியாசமில்லை; கட்டிலில், கழிப்பறையில், சிக்னலில் எல்லாம் ஒரே பொழுது.

வேடிக்கை என்னவென்றால், அதே எட்டு மணிக்கு வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை நடக்கிறது. பெண்கள் கேட்பது சீரியல், அது ‘பொழுதுபோக்கு’. ஆண் கேட்பது விவாதம், அது ‘அரசியல்’. இரண்டிலும் ஒரே அழுகை, ஒரே சதி, ஒரே மாமியார் மருமகள்; பெயர் மட்டும் உயர்ந்தது தாழ்ந்தது. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. நாட்டு நடப்பைக் கவனிப்பதால் மன உளைச்சல் என்கிற இந்த நோய்க்கு முதல் தேவை உபரிப் பொழுது. அது யாருடைய கைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். (சிற்றிதழ் நடத்துகிற தோழர்கள், தங்கள் வேலைக்கு வீட்டில் என்ன பெயர் என்று ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது.)

இது ஒருபுறமிருக்க, ‘விட்டுவிடு’ என்று உபதேசிக்கிறவர்களின் கட்சியையும் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோல்ஃப் டொபெல்லி 2010இல் செய்தியைத் தவிர்க்கச் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். பிறகு அது ஒரு முழுப் புத்தகமாகவே வந்தது. உடம்புக்குச் சர்க்கரை எப்படியோ மனதுக்குச் செய்தி அப்படி என்பது அவர் உவமை. செய்தி உங்கள் வாழ்க்கையில் எந்த முடிவையும் மாற்றவில்லை, ஆகவே அது வீண் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒளிந்திருக்கிற ‘நீங்கள்’ யார்? ஜூரிச்சிலோ பெசன்ட் நகரிலோ உட்கார்ந்திருக்கிற அந்த ‘நீங்கள்’ செய்தி பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது. பக்கத்து ஊரில் கலவரம் என்றால் இன்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய சேரிக்காரருக்கு, குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட 2019 டிசம்பரில் பெட்டியைத் திறந்து பத்திரங்களைத் தேடிய முஸ்லிம் வீட்டுக்கு, செய்தி சர்க்கரை அல்ல. அது மழை வருமா என்று வானம் பார்ப்பது மாதிரி. தப்பிக்க முடிந்தவனின் அனுபவத்தை மனித குலத்துக்குப் பொதுவாக்குவதுதான் இந்த சுயமுன்னேற்றச் சொல்லாடல்களின் வழக்கமான வித்தை.

அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஈட்டன் ஹெர்ஷ் இதையே வேறு பக்கமிருந்து பிடிக்கிறார். 2020இல் வந்த அவருடைய நூல், படித்த அமெரிக்கர்கள் அரசியலை விளையாட்டு ரசிகர்கள் ஆட்டம் பார்ப்பது போலப் பின்தொடர்கிறார்கள், அதை அரசியலில் ஈடுபடுவதாகத் தாங்களே நம்பிக்கொள்கிறார்கள் என்கிறது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு ஓட்டு கேட்காதவர், தலைநகரத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதைக் கரைத்துக் குடித்திருப்பார். இவர் சொல்வது நமக்கும் பொருந்தும். ஆனால் ஹெர்ஷுக்கு அரசியல் என்பது பெரும்பாலும் ஓட்டும் கட்சியும்தான். அங்கே நாம் அவரோடு நின்றுவிட முடியாது.

இந்த இடத்தில் அடோர்னோவைத் துணைக்கு அழைக்கலாம். ஓய்வுநேரம் பற்றிய 1969ஆம் ஆண்டு உரையில், உங்கள் ‘ஹாபி’ என்ன என்று பேட்டியாளர்கள் கேட்டால் தனக்கு அருவருப்பாக இருக்கிறது, அப்படி ஒன்றும் தனக்குக் கிடையாது, இசையும் வாசிப்பும் தன் வாழ்க்கையின் பகுதிகள், ஹாபிகள் அல்ல என்கிறார். (பேராசிரியருக்கு இப்படிச் சொல்ல வசதியிருந்தது, மில் தொழிலாளி அப்படிச் சொல்ல முடியாது. இதை அவரும் ஒப்புக்கொள்கிறார்.) அவர் பயன்படுத்துகிற முக்கியமான கருத்தாக்கம் ‘போலிச் செயல்பாடு’. ஆலையில் இதைவிட நன்றாகச் செய்து கிடைப்பதை வீட்டில் சுயமாகத் தட்டிக்கொட்டிச் செய்து, தான் ஏதோ படைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. இதே சொல்லை அதே ஆண்டில் போராட்டக்கார மாணவர்கள் மீதும் வீசினார் என்பதுதான் விஷயம். பறவைக்கூண்டு செய்கிறவனும் பலன் பார்க்காமல் கோஷம் போடுகிறவனும் அவருக்கு ஒரே தட்டில். மாணவர்கள் விஷயத்தில் அவருடைய முடிவு எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் ஹாபிக்கும் அரசியல் பரபரப்புக்கும் ஒரே உள்கட்டுமானம் இருக்கக்கூடும் என்ற அவதானிப்பைத் தள்ளிவிட முடியாது. கத்தரிச் செடிக்குத் தாவிய நம் நண்பர் ஒரு போலிச் செயல்பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கலாம். இரண்டுக்கும் இன்று செயலி இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, மாதச் சந்தா இருக்கிறது.

அந்த உரையின் கடைசியில் அடோர்னோ ஒரு நம்பிக்கையைத் தருகிறார். 1966இல் ஹாலந்து இளவரசி பியாட்ரிக்ஸ் ஒரு ஜெர்மானிய ராஜதந்திரியை மணந்தபோது, ஃப்ராங்க்ஃபர்ட் ஆய்வு நிறுவனம் மக்களிடம் விசாரித்தது. எல்லோரும் கல்யாணத்தை ஆவலாகப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இதற்கு அரசியல் முக்கியத்துவம் உண்டா என்று கேட்டதும் பலர் நிதானமாக, ஒரு சந்தேகத்தோடு பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆக ஜனங்கள் முழுசாக விழுங்கிவிடவில்லை, உள்ளே ஒரு விலகல் இருக்கிறது, அதில் விடுதலைக்கான வாய்ப்பு இருக்கிறது என்பது அவர் கணிப்பு. நம் ஊரில் இந்தக் கணிப்பு பலிக்கவில்லை. ‘எல்லாம் நாடகம்ப்பா’ என்று சொல்லாத ஒருவரை நீங்கள் காட்ட முடியுமா? ஒரு மணி நேரம் விவாதம் பார்த்துவிட்டு இப்படிச் சொல்லித்தான் டிவியை அணைக்கிறார், மறுநாளும் பார்க்கிறார். சந்தேகம் இங்கே நாடகத்துக்குள் நுழைகிற டிக்கெட்டாகவே ஆகிவிட்டது. நம்பிப் பார்க்கிறவர் ஒருநாள் ஏமாந்து நிறுத்திவிடுவார். நம்பாமல் பார்க்கிறவர் எதற்காக நிறுத்த வேண்டும்?

நம் அக இலக்கியத்தில் செய்திக்கு ஒரு பெயர் உண்டு: அலர். ஊர்ப் பெண்கள் வாயில் களவுச் செய்தி முணுமுணுப்பாகத் தொடங்கும்போது அம்பல், பரவிவிட்டால் அலர். வம்புதான், சந்தேகமில்லை. ஆனால் அலருக்கு ஒரு வேலை இருந்தது. ஊர் பேசுகிறது என்பதைத் தோழி தலைவனிடம் சொல்லி ‘சீக்கிரம் வரைந்துகொள்’ என்று நெருக்குகிறாள். பேசுகிறவர்களும் பேசப்படுகிறவர்களும் ஒரே ஊர். பேச்சு போய்ச் சேர்கிறது, ஆளை அசைக்கிறது. இன்றைய செய்தி, யாரைப் பற்றியதோ அவரைப் போய்ச் சேராத அலர். நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட அலர். நாம் பேசப் பேச அங்கே ஒன்றும் நடப்பதில்லை, இங்கே நமக்கு ரத்த அழுத்தம் ஏறுவதைத் தவிர.

ஆனால் இந்தச் சூத்திரமும் ஓரிடத்தில் உடைகிறது. 2009 ஜனவரி முதல் மே வரை. அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். இலங்கை அரசு ‘பாதுகாப்பு வலயம்’ என்று முதலில் ஜனவரியில் அறிவித்தது, பிப்ரவரியில் இடம் மாற்றியது, மே மாதம் இன்னும் சுருக்கியது. அறைக்கு அறை அந்த வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். விரல்கடை அகலத்துக்கு வந்துவிட்ட ஒரு கடற்கரைத் துண்டு, அதற்குள் எத்தனை பேர் என்ற கணக்கு. ஜனவரி 29ஆம் தேதி சென்னை சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் தீக்குளித்தார். ஊர்வலம் போனோம், கல்லூரியை மூடினார்கள், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அங்கேயும் அதையேதான் பார்த்தோம். அந்தப் பார்த்தலை ஹெர்ஷின் ‘ரசிகர்’ என்ற வகைக்குள் அடைக்க முடியுமா? நாங்கள் பேசியதும் எங்கும் போய்ச் சேரவில்லைதான். என்றாலும் அது இழவு வீட்டில் விடியவிடிய உட்கார்ந்திருப்பதற்கு நெருக்கமான ஒன்று. மே 18க்குப் பிறகு பலர் பத்திரிகையைத் தொடுவதையே நிறுத்தினார்கள். அதில் ஒருவர் அதன்பின் இன்றுவரை கேரம் மட்டும்தான் ஆடுகிறார். அவரிடம் போய் ‘தப்பித்தல்வாதம்’ என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆகவே பார்த்தலையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது: சாட்சி, பார்வையாளர். இருவரும் கையாலாகாதவர்களே. ஆனால் சாட்சி பின்னொரு நாள் யார் முன்னாலாவது நின்று கண்டதைச் சொல்லியாக வேண்டியவர். அதனால் அவர் நினைவில் வைத்துக்கொள்கிறார். பார்வையாளர் நாளைய காட்சிக்காக இன்றையதை மறந்தாக வேண்டும். 2009 மே மாதத்தின் தேதிகளை ஒப்பிக்கிறவர்களால் போன மாதம் எந்த விவாதத்துக்குக் கொதித்தோம் என்று சொல்ல முடியவில்லை.

இனி, அரசியல்வாதிகளின் பொழுதுகள். நான் சொல்வது பார்த்தவர்களை அல்ல, செய்தவர்களை. ரோசா லக்சம்பர்க் 1913இல் செடி சேகரிக்கத் தொடங்கினார். இலையையும் பூவையும் உலர்த்தி நோட்டுகளில் ஒட்டி, பெயர் எழுதி, சிறைக்குப் போன பிறகும் 1918 வரை அதைத் தொடர்ந்தார். உலகப்போரின் நடுவில், கட்சி உடைந்து, தோழர்கள் போருக்குக் கைதூக்கிய காலத்தில்! வ்ரோங்கே சிறையிலிருந்து சோஃபி லீப்க்னெக்டுக்கு எழுதிய கடிதமொன்றில், தன் அந்தரங்கம் தோழர்களைவிடச் சிட்டுகளிடம்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது என்ற பொருளில் எழுதுகிறார். இதைச் சொன்னால் சோஷலிசத்துக்குத் துரோகம் என்று நினைத்துவிடாதே என்றும் சேர்த்துக்கொள்கிறார். 1917 மே மாதத்தின் இதே கடிதத்தில் இன்னொரு விஷயம். ஜெர்மனியில் பாடும் பறவைகள் குறைந்துகொண்டு வருவதைப் படித்திருக்கிறார். திட்டமிட்ட காடுவளர்ப்பும் விவசாயமும் கூடு கட்ட இடமில்லாமல் செய்துவிட்டன. அவருக்கு உடனே வட அமெரிக்கப் பூர்வகுடிகள் தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டது ஞாபகம் வருகிறது. பொழுதைப் போக்க அவர் பறவையிடம் போகவில்லை. போன இடத்தில் அரசியல் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.

கிராம்ஷி கதை இன்னும் சுவையானது. 1929 பிப்ரவரியில் சிறைக் குறிப்பேடுகளை எழுதத் தொடங்குகிறார். அதே வசந்தத்தில் தூரி சிறை முற்றத்தில் விதை போடுகிறார், ரோஜா நட்டு வைக்கிறார். ஏப்ரலில் மைத்துனி தாத்தியானாவுக்குக் கடிதம்: முளைத்த செடியைத் தினமும் கொஞ்சம் இழுத்துவிட்டு வளர உதவலாமா என்று கை பரபரக்கிறதாம். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று ரூசோ மாதிரி விட்டுவிடுவதா, மனித சங்கல்பத்தை உள்ளே நுழைப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை என்கிறார். சிரிப்பாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கட்சிக்கும் வெகுஜனத்துக்கும் இடையிலான உறவு பற்றி, தன்னெழுச்சி பற்றி, கல்வி பற்றி அவர் பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களில் மல்லுக்கட்டிய பிரச்சினை அந்தத் தொட்டிச் செடியில் இருக்கிறது. அம்பேத்கர் கடைசி வருஷங்களில் வயலின் பழகினார். அதைப் பற்றி நம் ஆட்கள் யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. ‘பொழுதுபோக்குதானே’ என்று விட்டிருப்பார்கள்.

சிறையில் இருந்தவர்களோடு நம் மொட்டைமாடிக்காரரை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். அவர்களிடமிருந்து அரசியல் பிடுங்கப்பட்டது. இவரிடம் பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை. நான் எடுத்துக்காட்டுவது ஒரே ஒரு விஷயத்தை. அவர்கள் பொழுதுக்கு நிலம் இருந்தது, அது சிறை முற்றத்தில் நாலு முழமாக இருந்தாலும். கத்தரி வைத்தவர் விதைக்கு அலைந்து ‘நாட்டு விதை ஏன் கிடைக்கவில்லை’ என்று கேட்டு, நம்மாழ்வார் விட்டுப்போன வட்டாரங்களில் போய் முட்டிக்கொண்டாரானால் சங்கதி வேறாகிறது. செடியைப் படமெடுத்துப் போட்டு லைக் எண்ணினாரானால் விவாத மேடைக்கே திரும்பிவிட்டார்.

பறவை பார்க்கிறவரை எடுத்துக்கொள்வோம். சென்னைக்காரர் என்றால் பள்ளிக்கரணைக்குத்தான் போவார். 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நின்று தொலைநோக்கியைத் திருப்பினால் பூநாரைக்குப் பின்னால் பெருங்குடிக் குப்பைமேடு தெரியும், அதற்கும் பின்னால் சதுப்பு நிலத்தைத் தின்று எழுந்த கட்டடங்கள் தெரியும். அந்தக் குப்பையில் அவர் வீட்டுக் குப்பையும் உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் இவர்கள் எழுதுகிற பட்டியல், ஓர் ஏரியை மூடும்போது நீட்டிக் காட்ட உதவும் சாட்சியம். டிவி முன்னால் பத்து வருஷம் கத்தியவரிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை.

இதோடு முடித்துக்கொண்டால் பறவை நேசர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்ததாகிவிடும். இந்தப் பறவைகளை நமக்கு முன்பே அறிந்தவர்கள் நரிக்குறவர்கள். எந்தப் பறவை எந்தப் பொழுதில் எந்தக் கரையில் இறங்கும், எப்படிக் கூப்பிட்டால் திரும்பும் என்பது அவர்களுக்குப் பிழைப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதே அறிவு குற்றமானது. பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்க 2022 டிசம்பர் வரை நாடாளுமன்றத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்தில் கருவி தொங்க ஏரிக்கரையில் நிற்கிறவருக்கு அது ஹாபி. அதே கரையில் கையில் கண்ணியோடு நின்றால் வனத்துறை பிடித்துப் போகும். கணக்கெடுப்புக்குப் போகிற நண்பரிடம் கேட்டேன், உங்க குழுவுல அவங்க யாராவது உண்டா என்று. ‘நாங்க கூப்பிடல, அவங்களுக்கு ஆப் தெரியாதுல்ல’ என்றார்.